ஓர் இலையிலிருந்து முழு விதானத்துக்கு: ஒளிச்சேர்க்கையைக் கணக்கிடுவது எப்படி?

ஓர் இலையின் ஒளிச்சேர்க்கை தெரிந்தால் போதும், அதை மொத்த இலைப்பரப்பால் பெருக்கினால் முழு விதானத்துக்கும், அதாவது பயிரின் மொத்த இலைக்கூட்டத்துக்கும், விடை வந்துவிடும் என்று தோன்றும். வராது. ஏன் என்பதை எக்செல் தாளில் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 1: இலை

வெளிச்சம் கூடக் கூட ஒளிச்சேர்க்கை ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்றம் தளர்ந்துவிடும். இதற்கு எளிய சூத்திரம்:

ஒளிச்சேர்க்கை = 30 × ஒளி ÷ (ஒளி + 400)

அலகு மைக்ரோமோல், ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு நொடிக்கு. 30, 400 இரண்டும் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. ஒளி 1500 என்றால் விடை 23.7.

கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியின் வேகத்தையும் ஒளி தரும் ஆற்றலையும் தனித்தனியே கணக்கிட்டு, குறைந்ததை எடுத்துக்கொள்ளும் ஃபார்குவார் மாதிரி 1980இல் வந்தது. அதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

படி 2: விதானம்

ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் 4 சதுர மீட்டர் இலை இருக்கிறது என்று வைப்போம். நேராகப் பெருக்கினால் 95 வரும். ஆனால் கீழ் இலைகள் நிழலில் அல்லவா இருக்கின்றன! உள்ளே போகப் போக ஒளி எப்படிக் குறைகிறது என்பதை மோன்சியும் சேகியும் 1953இல் சூத்திரமாக்கினார்கள். அதன்படி, இலைக்குக் கிடைக்கும் ஒளி:

0.5 × 1500 × எக்ஸ்ப்(−0.5 × ஆழம்) (எக்ஸ்ப் என்பது எக்செலின் EXP சார்பு)

ஆழம் என்பது உச்சியிலிருந்து அந்த இடம்வரை எண்ணிய இலைப்பரப்பு. இரண்டு இடத்திலும் வரும் 0.5 என்பது ஒளித்தணிவுக் கெழு, அதாவது ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் காட்டும் எண். இலைகளின் சாய்வைப் பொறுத்து மாறும். இலைகளை நான்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுப்புள்ளிக்கும் ஆழம் 0.5, 1.5, 2.5, 3.5 எனப் போடுங்கள். ஒளி 584, 354, 215, 130 என வரும். ஒவ்வொன்றையும் முதல் சூத்திரத்தில் இட்டால் 17.8, 14.1, 10.5, 7.4. கூட்டினால் சுமார் 50. நேர்ப்பெருக்கலில் வந்ததில் பாதிதான்!

படி 3: நேரம்

பலரும் சறுக்குவது இங்கேதான். அரை மணி நேரம் ஒளி 1500, அடுத்த அரை மணி நேரம் இருட்டு என்று வையுங்கள். தனித்தனியே கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், அந்த ஓர் இலைக்கு 11.8. ஒளியை முதலில் சராசரியாக்கி, அந்த 750ஐச் சூத்திரத்தில் இட்டாலோ 19.6! வளைவு தளர்ந்து படிவதால்தான் இந்த வித்தியாசம். ஆகவே முதலில் கணக்கிடுங்கள், பிறகு சராசரி எடுங்கள். நாள் முழுவதற்கும் ஒரே சராசரி ஒளியை வைக்காமல் மணிக்கு மணி போடுங்கள்.

நம்முடைய 50இலும் இதே பிழை கொஞ்சம் உண்டு. ஒரே அடுக்கில் சில இலைகள் வெயிலிலும் சில நிழலிலும் இருக்கும். நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். 1997இல் டி பியூரியும் ஃபார்குவாரும் இவ்விரண்டையும் பிரித்துக் கணக்கிட்டது இதற்காகத்தான்.

சரி, அடுக்குகளை 8 ஆக்கிப் பாருங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் இப்போது 0.5 சதுர மீட்டர் இலைதான் என்பதால், கூட்டும் முன் 0.5ஆல் பெருக்க மறக்காதீர்கள். விடை 50ஐ ஒட்டியே நின்றால் உங்கள் தாள் சரி.