மெக்கன்சி சான்றிதழுக்கு நடவு வயல் பக்கத்திலிருந்து ஒரு வழி

பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்துவிட்டு "அக்கா, மெக்கன்சி பண்ணலாமா?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். முதுகு, கழுத்து, மூட்டு வலிகளை நோயாளியின் அசைவுகளை வைத்தே கண்டறிந்து, அசைவாலேயே சரிசெய்யும் முறைதான் மெக்கன்சி. தாராளமாகப் பண்ணுங்கள்.

பயிற்சி மொத்தம் நான்கு பகுதி. ஏ இடுப்புக்கு, பி கழுத்துக்கும் நடுமுதுகுக்கும், சி, டி இரண்டும் அவற்றின் மேல்நிலைப் பாடங்கள், கை கால் மூட்டுகளும் சேர்த்து. நான்கையும் முடித்தால்தான் தேர்வு. தேறினால் பெயருக்குப் பின்னால் 'செர்ட் எம்.டி.டி.' போடலாம்; எம்.டி.டி. என்பது 'மெக்கானிகல் டயக்னோசிஸ் அண்ட் தெரபி', இந்த முறையின் முழுப்பெயர். தேதி, கட்டணமெல்லாம் மெக்கன்சி இன்ஸ்டிடியூட்டின் இந்தியக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கையும் ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். ஏ முடிந்ததும் ஊருக்கு வந்து நோயாளிகளைப் பாருங்கள். நான் வந்த நேரம் சம்பா நடவு. வடுவூர்ப் பக்கத்து நடவாள் ஒருவருக்கு இடது கெண்டைக்கால் வரை இழுப்பு. குப்புறப் படுக்க வைத்து, கையை ஊன்றி, இடுப்பைத் தளர விட்டு நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னேன். பத்துப் பத்து முறையாக மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் "இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன். கெண்டைக்கால் விட்டது, பிறகு தொடையும் விட்டது. "இடுப்புல கூடிப்போச்சும்மா" என்று பயந்துவிட்டார். வலி காலை விட்டு இடுப்புக்கு ஒதுங்குவது நல்ல அறிகுறி. 1956இல் நியூசிலாந்தில் இந்த முறையை உருவாக்கிய பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி தற்செயலாகக் கண்டதும் இப்படிக் கால்வலி விலகியதைத்தான்.

அதற்காக எல்லோரையும் குப்புறப் போடக் கூடாது. சிலருக்குக் குனிவதுதான் மருந்து. இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பவருக்குப் பெரும்பாலும் முதலில் அதைத்தான் நேராக்க வேண்டும். நோயாளியே செய்யும் அசைவு போதாதபோதுதான் நம் கை. ஆரம்பத்தில் நான் அவசரப்பட்டுக் கை வைத்தேன்; எந்த அசைவு யாருக்கு உதவியது என்றே தெரியாமல் போனது.

நோயாளியின் வலியையும் அசைவுகளையும் குறிக்கும் மெக்கன்சி படிவத்தைத் தினமும் முழுசாக நிரப்புங்கள். நம்மை அதிகம் தடுமாற வைப்பது மொழிதான். அசைவின்போது வலி குறைந்தால் 'டிக்ரீஸ்'. முடித்த பிறகும் குறைந்தே இருந்தால்தான் 'பெட்டர்'. நம் ஆட்களோ இரண்டுக்கும் "தேவலாம்" என்பார்கள். எழுந்து நாலடி நடக்கச் சொல்லி, "இன்னமும் தேவலாமா, பழையபடி வந்துடுச்சா?" என்று மறுபடி கேட்டு எழுதுங்கள். இதை முந்நூறு பேரிடம் கேட்டுப் பழகியது தேர்வில் எனக்குக் கை கொடுத்தது.

சிறுநீர் அடைத்துக்கொண்டது, உட்காரும் இடம் மரத்துப்போனது என்றால் எந்த அசைவும் வேண்டாம். அன்றைக்கே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.