வீடு ஒன்று, கணக்கு வேறு: எஸ்டிஆர், சமூக நல உதவிக்கான தகுதியை அறியும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், அரசு உதவிக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்களைக் கேட்டால், "வீட்டில் நாலு பேர் சம்பாதிக்கிறோம், எங்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது" என்பார்கள். எல்லார் சம்பளத்தையும் கூட்டுவதற்கு முன், எந்த உதவித் திட்டம் யாரையெல்லாம் ஒரே குடும்பமாக எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும்.

எஸ்டிஆர் எனப்படும் ரஹ்மா ரொக்க உதவிக்குக் கணவன், மனைவி இருவரின் மொத்த மாத வருமானமே கணக்கு. அது 5,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது; 2,500 ரிங்கிட் வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் இன்னொரு பிரிவு. மொத்த வருமானம் என்பது ஈபிஎஃப் எனும் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா ஆகியவற்றைப் பிடிப்பதற்கு முந்தைய தொகை. செம்பனைக் குலை வெட்டுவோரின் சம்பளம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால், சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். தொலைந்திருந்தால் தோட்ட அலுவலகக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டுப் பெறுங்கள்.

ஒரு வீட்டில் கணவருக்கு 1,900, மனைவிக்கு 1,700, ஈப்போ தொழிற்சாலையில் வேலை செய்யும் 24 வயது மகனுக்கு 2,300, கணவரை இழந்த பாட்டிக்கு வயது 70 என்று வைத்துக்கொள்வோம். தம்பதியின் கூட்டுத்தொகை 3,600 என்பதால் அவர்கள் இரண்டாம் பிரிவில் வருவார்கள். திருமணமாகாத மகன், 21 முதல் 59 வயதுக்குள் 2,500 ரிங்கிட்டுக்கு மேல் போகாத வருமானம் உள்ளவர் என்ற முறையில் தனியாக விண்ணப்பிக்கலாம். துணை இல்லாத மூத்த குடிமகள் என்ற முறையில் பாட்டிக்கும் தனி விண்ணப்பம் உண்டு. ஆக, ஒரே கூரையின் கீழ் மூன்று விண்ணப்பங்கள்.

ஜேகேஎம் எனப்படும் சமூக நலத்துறையின் முதியோர் உதவிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே 60 வயதோடு, பராமரிக்க வசதியுள்ள பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதும் பார்க்கப்படும். அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரிப்பார். மேலே சொன்ன பாட்டிக்கு எஸ்டிஆர் கிடைத்தாலும், இது கிடைப்பது கடினம். வந்தவரிடம் பிள்ளைகளின் சம்பளத்தை மறைக்காமல், மருந்துச் செலவையும் கடனையும் சேர்த்துச் சொல்வதே நல்லது.

அடுத்து, தேசியப் பதிவுத் துறையில் உங்கள் நிலை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே விட்ட திருமணங்கள் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கின்றன. ஏட்டில் அந்த இருவரும் திருமணமாகாதவர்களே. மணவிலக்கும் துணையின் மறைவும் அப்படியே பதிவாகியிருக்க வேண்டும்.

எஸ்டிஆர் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே. இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர்கள், கையில் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாசலிலேயே நின்றுவிடுவது எனக்கு ஆறாத வருத்தம். அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பத்தைப் பிள்ளைகள் முன்னின்று கவனிக்க வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், காரணத்தைப் படித்து, அதற்குரிய ஆவணத்தை இணைத்து, மேல்முறையீட்டுக்கான தேதி முடிவதற்குள் அனுப்புங்கள்.