பழைய இறையியல் நூலை எடுத்துப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள லான்ஹைட்ராக் மாளிகையின் பெரும்பகுதி 1881இல் தீக்கிரையானபோதும், பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் சுதையில் வடிக்கப்பட்ட கூரையைக் கொண்ட அதன் நீண்ட கூடம் தப்பிவிட்டது. ராபார்ட்ஸ் குடும்பத்தார் 17ஆம் நூற்றாண்டில் சேர்த்த, இறையியல் மிகுந்த நூல்தொகுப்பு அம்மாளிகையின் பெருமைகளுள் ஒன்று. இத்தகைய இடத்தில் முன்னனுமதி பெற்று முதன்முறையாக ஒரு நூலைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கைகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். திரைப்படங்களில் காட்டும் வெள்ளைக் கையுறை வேண்டாம். துணி விரலின் உணர்வை மழுங்கடிப்பதால் தாள் கிழிய வாய்ப்பு கூடுகிறது. பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சில் மட்டும் கொண்டு செல்லுங்கள்.

நூலின் முதுகுப்புற மேல்விளிம்பில் விரலை மாட்டி இழுக்கக் கூடாது. தோல் அங்கேதான் முதலில் கிழியும். இருபுறமும் உள்ள நூல்களைச் சற்று உள்ளே தள்ளி, வேண்டிய நூலின் நடுப்பகுதியைப் பற்றி எடுத்து, பஞ்சுத் தாங்கிகளின்மேல் வைத்து, அட்டை தானாக எவ்வளவு விரிகிறதோ அவ்வளவே விரியுங்கள்.

அடுத்துத் தலைப்புப் பக்கம். ஆண்டு பெரும்பாலும் ரோமன் எண்களில் இருக்கும். 500ஐக் குறிக்கும் டி எழுத்துக்குப் பதிலாக ஐ எழுத்தையும் திருப்பிப் போட்ட சி எழுத்தையும் சேர்த்து அச்சிட்டிருப்பதும் உண்டு. சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து எஃப் எழுத்தைப் போலத் தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் தாளைப் பார்ப்பதுதான். ஓர் ஏட்டின் பின்புறம் வெளிச்சம் படும்படி பிடித்தால், தாள் வார்த்த கம்பிச் சட்டத்தின் தடங்கள் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் இடைவெளியில் தெரியும். அவை செங்குத்தாக ஓடி, நீர்க்குறி (வெளிச்சத்தில் தாளுக்குள் தெரியும் அடையாளச் சின்னம்) ஏட்டின் நடுவில் இருந்தால் தாளை ஒருமுறை மடித்த ஃபோலியோ என்று கொள்ளலாம். கிடையாக ஓடி, நீர்க்குறி தையல் மடிப்பில் சிக்கியிருந்தால் இருமுறை மடித்த குவார்ட்டோ. மீண்டும் செங்குத்தாக ஓடி, நீர்க்குறி தையலோரத்தின் மேல்மூலையில் ஒதுங்கியிருந்தால் மும்முறை மடித்த ஆக்டேவோ. அளவை வைத்து ஊகிப்பதைவிட இது நம்பகமானது, ஏனெனில் நூல் கட்டுநர்கள் ஓரங்களை மீண்டும் மீண்டும் வெட்டியிருப்பார்கள்.

முன்னட்டையின் உட்புறத்தில் உரிமையாளரின் பெயர் அச்சிட்டு ஒட்டிய சிறுதாளும் கையொப்பமும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தோலிலிருந்து செந்தூள் உதிர்ந்தால் எண்ணெய் பூசித் துடைக்க முயல வேண்டாம். கழன்ற அட்டையை ஒட்டவும் வேண்டாம். பொறுப்பாளரிடம் சொன்னால் அவரே பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டிவைப்பார்.