அதிகம் ஓடிய ஸ்போர்ட்ஸ் செடான்: வீட்டிலேயே வேலை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஒரு ஸ்போர்ட்ஸ் செடானை வாங்கியவர்கள் முதல் வாரமே தேடத் தொடங்குவது ரீமேப் (இன்ஜின் கணினியின் புரோகிராமை மாற்றுவது), லோயரிங் ஸ்பிரிங், எக்ஸாஸ்ட் இவற்றைத்தான். பத்து வருடத்துக் கூலன்ட் ஹோஸ் பற்றி அப்போது யாருக்கும் நினைப்பு வராது. ஆசையில் தப்பில்லை, அந்த ஆசைக்காகத்தானே இப்படி ஒரு காரை வாங்குகிறோம். ஆனால் வீட்டில் வைத்து வேலை பார்க்கும் கார்கள் எங்கே கெட்டுப்போகின்றன என்று கவனித்தால், கைவேலை தெரியாமல் கெட்டவை குறைவாகவே இருக்கும். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ததால் கெட்டவைதான் அதிகம். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குறையிலிருந்து வருபவை.

நிலை தெரியாமல் பவரைக் கூட்டுவது

டர்போ இன்ஜினில் ரீமேப் என்பது பெரும்பாலும் பூஸ்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, கூட்டுவதுதான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது, ஸ்பார்க் பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்டேஜ் தேவைப்படும். தேய்ந்த பிளக்கில் அந்த இடைவெளி ஏற்கெனவே அகன்றிருக்கும், இக்னிஷன் காயிலுக்கும் வயதாகியிருக்கும். கம்பெனி செட்டிங்கில் எப்படியோ சமாளித்து வந்த இந்த ஜோடி, ரீமேப் செய்த பிறகு முழு ஆக்சிலரேட்டரில் மிஸ்ஃபயர் கொடுக்கும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் பாகத்தையே உருக்கிவிடும். கிளட்சும் அப்படித்தான். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட கிளட்ச், புதிதாகக் கூடிய டார்க்கைத் தாங்காது. டாப் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது.

சஸ்பென்ஷனில் இன்னும் மோசம். லோயரிங் ஸ்பிரிங் வழக்கமானதைவிடக் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் உழைத்துக் களைத்த ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்கையே அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும். அதன் மேல் விறைப்பான ஸ்பிரிங்கை ஏற்றினால் கார் துள்ளும், சஸ்பென்ஷனின் கடைசி எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டாப்பில் மோதும், வளைவில் டயர் தரையைப் பிடிக்காது. ஸ்பிரிங் மாற்றுவதாக இருந்தால் அதற்குப் பொருத்தமான புது ஷாக்குடன் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் இரண்டையும் தொடாதீர்கள்.

பானெட்டுக்குள் திறந்து வைக்கும் கோன் வடிவ ஏர் ஃபில்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இன்ஜின் அறையின் சூடான காற்றை இழுக்கும், சத்தம் கூடும் அளவுக்கு பவர் கூடாது. எண்ணெய் பூசும் வகை ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகிவிட்டால், அது காற்று அளக்கும் சென்சாரின் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

இந்தக் கார்களுக்கு என்னைக் கேட்டால் முதல் அப்கிரேட், புதிதாக வந்த நாளில் இருந்த நிலைக்குத் திருப்புவதுதான். புது ஷாக், புது புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் பாகம்), நல்ல டயர், புது பிரேக் ஆயில், புது பிளக். இவ்வளவையும் முடித்து ஒரு மாதம் ஓட்டிய பிறகும் பவர் போதவில்லை என்று தோன்றினால், அப்புறம் ரீமேப்பைப் பற்றி யோசிக்கலாம். டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்களையும் பார்த்துவிடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

எர்ரர் கோடைப் படித்துவிட்டு சென்சாரை மாற்றுவது

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ஸ்கேனரில் பி0171 என்று வருகிறது. இன்ஜினின் முதல் சிலிண்டர் வரிசையில் (பேங்க் 1) கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்றுக்குத் தேவையான பெட்ரோல் இல்லை என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். கோடு திரும்பி வருகிறது. அடுத்து காற்று அளக்கும் சென்சார். அதற்கும் அடங்கவில்லை. உண்மையில் ஆக்சிஜன் சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. காற்று அளக்கும் சென்சாருக்குப் பிறகு எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. வயதான காரில் இன்டேக் பூட் எனும் ரப்பர் காற்றுக்குழாயின் மடிப்புகளிலும், கிராங்க் கேஸ் காற்றோட்டக் குழாயிலும், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலும் இது சாதாரணமாக நடக்கும்.

பார்ட்ஸ் வாங்கும் முன் ஐந்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடிக்கலாம். சாதாரண ஸ்கேனரிலேயே ஃபியூயல் ட்ரிம் என்ற அளவு தெரியும். இன்ஜின் கணினி வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது அல்லது குறைக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல்) பாருங்கள், பிறகு 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். ஐடிலில் பிளஸ் 20 என்று இருந்து, ஆர்பிஎம் ஏறியதும் பூஜ்யத்தை நெருங்கினால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று குறைவு, அதில் கசிவின் பங்கு பெரிது. ஆர்பிஎம் ஏறும்போது மொத்தக் காற்று பெருகுவதால் அதே கசிவு அற்பமாகிவிடும். மாறாக, ஐடிலில் ஒழுங்காக இருந்து லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கான காற்று சென்சார் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். கசிவின் சரியான இடத்தைப் பிடிக்க ஒரு ஸ்மோக் டெஸ்ட் போதும், வெடிப்பில் புகை வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும்.

ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றுவதும் இதே வகைத் தவறுதான். கோளாறு சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. புதுக் கோளாறு வந்தால் எதனால் வந்தது என்றும் தெரியாது.

கூலிங் சிஸ்டத்தை உடையும் வரை விட்டுவைப்பது

1990-களின் கடைசியிலிருந்து வந்த பல ஐரோப்பிய கார்களில் எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ரேடியேட்டரின் இரு ஓரங்கள் எல்லாம் பிளாஸ்டிக். சூடாவதும் ஆறுவதுமாக வருடக்கணக்கில் உழைத்த பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடும். பிஎம்டபிள்யூ இ46 (பழைய 3 சீரிஸ்) வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. இதில் ஒரு பாகம் உடைந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவது பெரிய தவறு. அதே வயதில் இருக்கும் மற்ற பாகங்கள் வரிசையில் நிற்கின்றன. டேங்க், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், வாட்டர் பம்ப் என்று ஒரே செட்டாக மாற்றிவிடுங்கள். அலுமினிய சிலிண்டர் ஹெட் ஒரே ஒரு முறை நன்றாகச் சூடேறினாலே வளைந்துவிடும். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால் அடுத்த திருப்பம் வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கூலன்டை நிறம் பார்த்துக் கலப்பது, குழாய்த் தண்ணீர் ஊற்றுவது, இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது ஆகியவை எல்லோரும் அறிந்த தவறுகள். அவ்வளவாகக் கவனிக்கப்படாதது காற்று எடுக்காமல் விடுவது. கூலன்ட் மாற்றிய பிறகு உள்ளே காற்றுக்குமிழி தங்கினால், டேங்க் நிறைந்திருந்தாலும் ஹெட்டுக்குள் கூலன்ட் ஓடாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேறும் பிளீட் ஸ்க்ரூவில் குமிழி நிற்கும் வரை பொறுமையாக நிரப்ப வேண்டும். எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் உள்ள மாடல்களுக்குத் தனி முறை உண்டு, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

சின்ன ஆயில் ஒழுகல் என்று விடுவது

வயதான இன்ஜினில் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கே ஒழுகுகிறது, எதன் மேல் சொட்டுகிறது என்பதைப் பார்க்காமல் அப்படி முடிவு செய்யக் கூடாது. பிஎம்டபிள்யூவின் என்52, என்54, என்55 ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கின் கேஸ்கெட் கடினமாகிக் கசியும். அந்த ஆயில் கீழே ஓடும் டிரைவ் பெல்ட்டில் விழும். ஆயிலில் ஊறிய பெல்ட் உப்பி, புல்லியிலிருந்து நழுவி, நார் நாராகக் கிழியும். அந்த நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு முன்பக்க சீலைத் தாண்டி இன்ஜினுக்குள்ளேயே போன கார்கள் உண்டு. அப்புறம் ஆயில் பேனைக் கழற்றி, பம்பின் வாயில் அடைத்திருக்கும் நாரை எடுக்க வேண்டியதுதான். ஒரு சின்ன ரப்பர் கேஸ்கெட்டில் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

ஒழுகலைக் குறைக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவதும் வேண்டாம். வால்வ் டைமிங்கை மாற்றும் பாகங்களும் செயின் டென்ஷனரும் குறிப்பிட்ட தன்மையுள்ள ஆயிலை நம்பித்தான் இயங்குகின்றன. டப்பாவில் 5டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மைக் குறியீடு) என்று இருந்தால் மட்டும் போதாது, உங்கள் கார் கம்பெனியின் அங்கீகார எண் அதில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தொங்கும் நிலையில் புஷ்ஷை இறுக்குவது

சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்மை வீட்டில் மாற்றுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. ரப்பர் புஷ்ஷின் உள் குழாயும் வெளிக் கூடும் ரப்பரோடு ஒட்டியே வரும். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆர்ம் மேலும் கீழும் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் நடக்கிறது. கார் ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் தொங்க, அந்த நிலையில் போல்ட்டை முழுவதும் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் பாதி முறுக்கோடு இருக்கும். நின்றுகொண்டிருக்கும்போதுகூட ஓய்வில்லை. பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுக்கும். நல்ல கம்பெனி புஷ்ஷே சில மாதங்களில் கிழிந்துவிடும், பார்ட்ஸ் மட்டம் என்று பழி விழும்.

செய்ய வேண்டியது சுலபம். காரைத் தூக்கும் முன், சமதளத்தில் நிற்கும்போது, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது ஆர்மைப் பொருத்தி போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, கார் ஸ்டாண்டிலேயே இருக்க, இன்னொரு ஜாக்கியால் சக்கரம் பொருந்தும் ஹப்பை அந்த அளவு வரும் வரை மெதுவாக உயர்த்துங்கள். இப்போது டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) இறுக்குங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

ஸ்டாண்ட் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும். ஜாக்கி ஒரு ஹைட்ராலிக் சீலை நம்பி நிற்கிறது, அந்த சீல் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. உறுதியான தரை, சக்கரத்துக்குக் கட்டை, சரியான ஜாக்கிங் பாயின்ட், இரண்டு ஸ்டாண்ட். படுக்கும் முன் காரை ஒரு முறை நன்றாகத் தள்ளிப் பாருங்கள்.

இறுக்கத்தில் வரும் தவறுகள்

கை அனுபவத்தில் இறுக்குவது பழைய இரும்பு இன்ஜினில் ஓடியது. அலுமினிய மரையில் ஓடாது. ஸ்பார்க் பிளக் மரையில் ஆன்டி-சீஸ் பசை தடவுவதை நல்ல பழக்கம் என்று நினைக்கிறார்கள். பிளக் தயாரிக்கும் என்ஜிகே தன் பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்றே சொல்கிறது. மரை வழுவழுப்பானால், ரெஞ்ச் காட்டும் அதே எண்ணில் பிளக் உண்மையில் கூடுதலாக இறுகி, ஹெட்டின் மரையையோ பிளக்கையோ கெடுக்கும். இன்னொன்று, சில போல்ட்டுகள் ஒரு முறை இறுக்குவதற்கு மட்டுமே. என்52 இன்ஜினின் பிளாக்கில் மெக்னீசியம் கலந்திருப்பதால் அலுமினிய போல்ட்டுகளைப் போட்டிருப்பார்கள். கழற்றினால் புதிது போட வேண்டும். கையில் இருந்த ஸ்டீல் போல்ட்டைப் போட்டால், அது பட்ட இடத்தில் மெக்னீசியம் அரித்துப்போகும்.

பிரேக்கும் கியர்பாக்ஸும்

பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரைக் கழற்றி பிரேக் ஹோஸிலேயே தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பியில் கட்டுங்கள். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் ஸ்கேனர் மூலம் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுவராமல் பின் பிஸ்டனை அழுத்தினால் மோட்டார் கெடும். வேலை முடிந்ததும், காரை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம் என்பதுதான் தர அளவு. வேகமாக ஓட்டும் காருக்கு அந்த வித்தியாசம் பெரிது. துளையிட்ட டிஸ்க்குக்குச் செலவழிக்கும் முன் ஆயிலை மாற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று கார் கம்பெனி சொன்னதை நம்பி விட்டவர்கள் பலர். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இஸட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றும்போது வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன், நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டு, நிரப்பும் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை என்றால், காரை நகர்த்தக்கூட முடியாது. ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது பார்க்க வேண்டும். அதை ஸ்கேனரில் படிக்கலாம்.

டைமிங் பெல்ட் உள்ள கார் என்றால் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் உண்டு. பழைய ஓனரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, டென்ஷனர், வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றுங்கள். இந்த வகை இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். இந்த வேலையை லாக்கிங் டூல் (டைமிங் நகராமல் பிடிக்கும் கருவி) இல்லாமல் மார்க் வைத்துச் செய்து பார்க்காதீர்கள். டூல் கிடைக்கவில்லையென்றால் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். ஸ்ட்ரட்டில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கும் வேலையும் அதே ரகம். மட்டமான கம்ப்ரஸர் வழுக்கினால் அந்த ஸ்பிரிங் ஆளையே அடிக்கும்.