நான்கு அடிப் பலகையில் 1935: முதல் ரயில் மாடல் செய்வது எப்படி?

ரயில் மாடல் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கண்ணுக்குப் பிடித்த என்ஜினைத்தான் வாங்குகிறார்கள். அப்புறம் பெட்டிகள் சேரும். ஒன்று 1920களுடையது, இன்னொன்று 1950களுடையது. எல்லாம் ஓடும், ஆனால் பார்க்கும்போது ஒரு காலமும் ஓர் ஊரும் கண்முன் வராது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஓர் ஆண்டை முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பதிவுக்கு நான் எடுத்துக்கொண்டது 1935, இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, ஒரு சின்ன கூட்ஸ் யார்டு. முதல் உலகப் போருக்குப் பின் 1921ல் வந்த சட்டத்தால், பிரிட்டனின் பெரும்பாலான ரயில் கம்பெனிகள் 1923 ஜனவரி 1 முதல் நான்கு பெரிய கம்பெனிகளாயின. அந்த நான்கில் பழைய பெயரோடு தொடர்ந்தது கிரேட் வெஸ்டர்ன் மட்டும்தான். 1948ல் எல்லாம் நாட்டுடைமையாகும்வரை இந்த நான்கின் ஆட்சிதான். இக்காலத்து என்ஜின்களும் வேகன்களும் மாடல்களாக நிறையக் கிடைப்பதால் தொடங்குகிறவர்களுக்கு வசதி.

படி 1: அளவும் பலகையும்

பிரிட்டிஷ் மாடல்களில் அதிகம் புழங்குவது ‘டபுள் ஓ’ அளவு. நிஜத்தில் ஓர் அடி, மாடலில் 4 மில்லிமீட்டர். தண்டவாள அகலம் 16.5 மி.மீ. கணக்குப்படி 18.83 மி.மீ. இருக்க வேண்டும், ஆகவே இது கொஞ்சம் குறுகல்தான். ஆனால் கடையில் கிடைப்பவை எல்லாம் இந்த அகலத்துக்கே என்பதால் முதல் மாடலுக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

4 அடி நீளம், 1 அடி அகலத்தில் 9 மி.மீ. பிளைவுட் வெட்டி, அடியில் மர ரீப்பர் அடியுங்கள். பலகை வளையாமல் இருப்பதும், கம்பிகள் ஓட இடம் கிடைப்பதும் அதனால்தான்.

படி 2: தண்டவாளம்

இரண்டு பாயிண்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்துத் தண்டவாளத் துண்டு) போதும். இடது ஓரத்திலிருந்து ஒரே பாதை. முதல் பாயிண்டில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நீண்ட சைடிங், அதாவது வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் முட்டுப்பாதை. மற்றொரு கிளை இரண்டாவது பாயிண்டில் மறுபடி பிரிந்து இரண்டு குட்டை சைடிங்குகளாகிறது.

நீளத்தில் மட்டும் கவனம். அக்காலத்து நாலு சக்கர வேகன் இந்த அளவில் சுமார் 80 மி.மீ. நீண்ட சைடிங்கில் ஐந்து வேகன், குட்டை சைடிங் ஒவ்வொன்றிலும் மூன்று வேகன் நிற்க வேண்டும். இடது ஓரப் பாதையில் என்ஜினும் மூன்று வேகன்களும் நிற்க வேண்டும். ஒரு வேகனுக்குக்கூட மிச்சமும் வேண்டாம், குறைவும் வேண்டாம். ஏன் என்பது கடைசிப் படியில் தெரியும். ஒட்டுவதற்கு முன் வேகன்களை வைத்தே அளந்து, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் வாங்கும்போது, தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையிலும் மின்சாரம் பாயும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்த முனை பிளாஸ்டிக்காக இருந்தால், சிறிய என்ஜின் மெதுவாகப் போகும்போது அங்கேயே நின்றுவிடும்.

படி 3: மின்சாரம்

சாதாரண 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர் போதும். இடது ஓரப் பாதையில், தண்டவாளத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகளைச் சால்டர் செய்தால் வேலை முடிந்தது. எந்த சைடிங்குக்குப் பாயிண்ட் திரும்பியிருக்கிறதோ அங்கே மட்டும் என்ஜின் ஓடும். சல்லி போடுவதற்கு முன் ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒட்டியபின் தவறு தெரிந்தால் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும்.

படி 4: வண்டிகள்

இங்கேதான் 1935 உயிர் பெறுகிறது. அவசரப்படாதீர்கள்.

என்ஜினுக்கு 5700 வகை பேனியர் டேங்க் வாங்குங்கள். 1929லிருந்து கட்டப்பட்டது, கொதிகலனின் இருபுறமும் பொதிமூட்டை போலத் தண்ணீர்த் தொட்டி தொங்கும். பச்சை நிறம். தொட்டியில் கம்பெனியின் பெயர் முழுதாக எழுதியிருக்கலாம், அல்லது 1934ல் வந்த வட்டச் சின்னம் இருக்கலாம். 1935ல் இரண்டுமே சரி. மூன்றெழுத்துச் சுருக்கம் மட்டும் எழுதியிருந்தால் அது 1942க்குப் பிந்தையது.

கம்பெனி வேகன்கள் அடர் சாம்பல் நிறம். பக்கவாட்டில் ‘ஜி’, ‘டபிள்யூ’ என்று பெரிதாக இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும். 1936லிருந்து அவை மூலையில் சின்னதாகிவிட்டன. எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தால் அநேகமாக அது 1948க்குப் பிந்தைய வேகன். என் முதல் நிலக்கரி வேகன் அப்படிப்பட்டதுதான். விலை மலிவு என்று வாங்கியது, இன்றும் பெட்டிக்குள் இருக்கிறது.

தந்தியில் சுருக்கமாகச் சொல்ல இந்தக் கம்பெனி வண்டிகளுக்குக் குறிச்சொற்கள் வைத்திருந்தது. மூடிய வேகன் ‘மிங்க்’, கடைசியில் போகும் கார்டு வேன் ‘டோட்’, அதாவது தேரை. ஒரு முனையில் திறந்த திண்ணை உள்ள அந்த டோட் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். அன்றைய கூட்ஸ் வேகன்களில் பெரும்பாலானவற்றுக்கு என்ஜினிலிருந்து இயங்கும் பிரேக் கிடையாது. சங்கிலி இணைப்புகள் இறக்கத்தில் தளர்ந்து வெட்டி இழுக்காமல் இருக்க, கார்டு அந்த வேனிலிருந்தே கைப்பிரேக்கைத் திருகுவார்.

டோட் தவிர மொத்தம் எட்டு வேகன்கள் வேண்டும். அவற்றில் குறைந்தது மூன்று தனியார் நிலக்கரி வேகன்களாக இருக்கட்டும். சுரங்கங்களும் கரி வியாபாரிகளும் சொந்த வேகன் வைத்திருந்த காலம் அது. சிவப்பு, கறுப்பு, பழுப்பு என்று பலகையில் பேரைப் பெரிதாக எழுதி ஓட்டினார்கள். போர் தொடங்கிய 1939ல் அரசு அவற்றைப் பொதுப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தின் நிறமே இந்த வேகன்கள்தான் என்பேன். அடுப்புக்கரியைப் பொடித்து உள்ளே ஒட்டினால் அசல் கரி போலவே இருக்கும்.

படி 5: தரை

மெயின் லைனில்தான் கருங்கல் சல்லி. யார்டில் என்ஜின் சாம்பலையும் கரித்தூளையும் கொட்டி, ஸ்லீப்பர் கட்டையின் மேல்மட்டம்வரை நிரவியிருப்பார்கள். சலித்த மெல்லிய மணலைப் பரப்பி, வெள்ளைப் பசையில் சமபங்கு தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயிண்டின் அசையும் நாக்குகளுக்குப் பக்கத்தில் பசை வேண்டாம். காய்ந்ததும் கருஞ்சாம்பல் பூசுங்கள். மிங்க் வேகனின் கூரை வெள்ளையாக வந்திருந்தால் அதன்மேலும் இதே சாம்பலை நீர்க்கக் கரைத்துப் பூசுங்கள். புகைபட்டு சீக்கிரமே கறுத்துவிடும் கூரை அது.

ஒரு குதிரை வண்டி, ஓர் எண்ணெய் விளக்குக் கம்பம், இரண்டு ஆட்கள். அதற்கு மேல் அடைக்காதீர்கள்.

படி 6: ஷண்டிங் (வேகன்களைப் பிரித்து வரிசைப்படுத்துதல்)

எட்டு வேகன்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு எழுதுங்கள். நீண்ட சைடிங்கில் ஐந்து வேகன், ஒரு குட்டை சைடிங்கில் மூன்று, மற்றது காலி. சீட்டைக் குலுக்கி ஐந்து எடுங்கள். எடுத்த அதே வரிசையில் அந்த ஐந்து வேகன்களும் நீண்ட சைடிங்கில் நிற்க வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது, என்ஜினால் இழுத்தும் தள்ளியும்தான். சைடிங்கின் நீளம் சரியாக இருந்தால்தான் இது புதிர். நீளம் கூடினால் புதிர் சப்பென்று போய்விடும். வர வாய்ப்புள்ள வரிசைகள் 6,720.

நடக்கும் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். வரிசை அமைந்ததும் டோட்டை வால்பக்கத்தில் மாட்டி, அதன் பின்முனையில் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்புங்கள்.