தண்ணீர் நிற்கும் வயலில் மரக்கன்று: என் அனுபவம்

விவசாய நிலத்தில் மரம் வளர்க்கத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்பு நடவுக்கு ஏக்கருக்கு 50 கன்று இலவசம். விவசாயிகளுக்கான அரசின் உழவன் செயலியில் பதிந்து, வனத்துறை நாற்றங்காலில் கிடைத்த தேக்கை நட்டேன். ஐப்பசி மழையில் எங்கள் பள்ளக்காடு முழங்கால் தண்ணீர். இலை மஞ்சளானது, தண்டை இழுத்தால் கறுத்த வேரோடு கையில் வந்தது. இந்தத் திட்டத்தின் ஊக்கத்தொகையோ உயிரோடு நிற்கும் கன்றுக்குத்தான்: 2ஆம் ஆண்டிலிருந்து 4ஆம் ஆண்டு வரை, கன்றுக்கு வருடம் 7 ரூபாய். பெரிய காசில்லை, ஆனால் விடுவானேன்?

தண்ணீர் வடிந்ததும் ஓரமாக வடிகால் வெட்டி, அந்த மண்ணிலேயே வரப்பை ஒன்றரை அடி உயர்த்தினேன். அப்புறம் பள்ளமான பக்கம் முழுக்க நீர்மருதும் புங்கனும். ஆற்றங்கரையில் வளரும் நீர்மருதுக்கு நிற்கும் தண்ணீர் ஒரு பொருட்டில்லை. தேக்கு மேட்டு மூலையில் மட்டும். அடுத்த மழையில் போனது இரண்டு மூன்றுதான், அதுவும் ஆடு கடித்து.