தங்கவயல் வரை போய்த் திரும்பும் சைக்கிளுக்கு

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அல்சூரிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சைக்கிளில் போகிறேன். அம்மா அங்கே தனியாக இருக்கிறார். பழைய மெட்ராஸ் ரோட்டில் கே.ஆர்.புரம் தொங்குபாலம் தாண்டி ஹொஸ்கோட்டே, நரசாபுரா, கோலார், அப்புறம் பங்காருப்பேட்டை. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இரவு அம்மாவுடன் தங்கிவிட்டு ஞாயிறு திரும்புவேன். ஏழு வருடமாக இப்படித்தான்.

எங்கள் கீழ்வீட்டுப் பெண் போன மாதம் ரோடு சைக்கிள் வாங்கினாள். "அக்கா, இன்னும் என்னென்ன வாங்கணும்?" என்று ஃபோனில் எழுதி வைத்திருந்த பட்டியலைக் காட்டினாள். ஜெர்சி, பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூ, கண்ணாடி எல்லாம் இருந்தன. பம்ப் இல்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி சைக்கிள் நின்றுவிட்டால், யாரையும் கூப்பிடாமல் மறுபடி ஓட்ட எது உதவுமோ அதை முதலில் வாங்குங்கள். மற்றவை அடுத்தடுத்த மாதச் சம்பளத்தில் வரட்டும்.

ஆகவே முதலில் பஞ்சர். மாற்று டியூப் இரண்டு, டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர் இரண்டு, கைப்பம்ப், ஒட்டுத் துண்டுகள், பசை. டியூப் வாங்கும்போது டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். என்னுடையது 700 x 28. வால்வின் நீளத்தையும் பாருங்கள். டயர் உட்காரும் வளையமான ரிம் ஆழமாக இருந்தால் குட்டை வால்வு வெளியே எட்டிப் பார்க்காது, பம்ப் பிடிக்க இடமே இருக்காது. புது டியூபை அட்டைப் பெட்டியோடு சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் திணிக்க வேண்டாம். அலன் கீயின் முனை உரசி உரசி, பைக்குள் இருக்கும்போதே டியூபில் ஓட்டை விழுந்துவிடும். நான் பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் சுருட்டி வைக்கிறேன். பசைக் குழாயை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்து போகும், அதனால் திறக்காத குழாய்தான் பையில் இருக்க வேண்டும்.

வால்வு விஷயம் நம் ஊரில் தனிச் சிக்கல். ரோடு சைக்கிள் டியூப்களில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வு இருக்கும். ஒல்லியாக, நுனியில் சின்னத் திருகோடு இருக்குமே, அது. பைக்கிலும் காரிலும் இருக்கும் தடித்த வால்வு ஷ்ரேடர். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையின் காற்றுக் குழாய் ஷ்ரேடருக்குத்தான் பொருந்தும். என் முதல் வருடத்தில் ஹொஸ்கோட்டே தாண்டி ஒரு கடைக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெரியவர் ஓட்டையை அருமையாக ஒட்டினார், ஆனால் காற்று அடிக்க வழியில்லை. நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது. வாங்கி, பின்சக்கர வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள், தொலையாது. கடைக் கம்ப்ரஸரில் அடிக்கும்போது அண்ணனிடம் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். லாரி டயருக்கு அடிக்கும் வேகத்தில் நம் ஒல்லி டயருக்கு அடித்தால் கண் சிமிட்டும் நேரத்தில் வெடித்துவிடும்.

பொருள் இருந்தால் மட்டும் போதாது, கை பழகியிருக்க வேண்டும். வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு மாலை முழுக்கப் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். கியரை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டு வந்தால் சக்கரம் எளிதாக வெளியே வரும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தவே கூடாது. மிச்சக் காற்றை விட்டு, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரைக் கொடுத்து டயரின் ஒரு விளிம்பை மட்டும் கழற்றுங்கள். டியூபை வெளியே எடுத்ததும் காற்றடித்து ஓட்டையைத் தேடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். டயர்ப் பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், கண்ணாடி அல்லது கம்பி. பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால், காற்று குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். ரிம் பக்கம் இருந்தால் உள்ளே இருக்கும் ரிம் டேப் விலகியிருக்கும்.

நெடுஞ்சாலையோரத்தில் எனக்கு வந்த பஞ்சர்களில் பெரும்பாலானவை வெடித்த லாரி டயர்களின் கம்பியால் வந்தவை. தலைமுடி போல மெல்லிய எஃகுக் கம்பி. ஒருமுறை நரசாபுரா தொழிற்பேட்டைக்கு முன்னால் டியூப் மாற்றிவிட்டு ஏறினேன். இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று போய்விட்டது. கம்பி டயரிலேயே இருந்திருக்கிறது, நான் அவசரத்தில் பார்க்கவில்லை. அன்று வெயிலில் ஒட்டுப் போட்டு, அது பிடிக்கும்வரை ஒரு புங்க மரத்தடியில் நின்றேன். அதிலிருந்து புது டியூப் போடுமுன் டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை. கம்பியைப் பிடுங்க, புருவ முடி எடுப்பது மாதிரி ஒரு குட்டி இடுக்கி பையில் இருக்கிறது. டயர் மாட்டும்போதெல்லாம் அதிலுள்ள எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி வைப்பேன். டியூபில் ஓட்டை தெரிந்துவிட்டால் டயரில் எந்த இடத்தில் தேடுவது என்று உடனே பிடிபடும்.

புது டியூபுக்குக் கொஞ்சம் காற்று ஊதி, உருண்டையாக்கி உள்ளே வையுங்கள். டயரின் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசிக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். அங்கே லீவர் கொடுத்தால் டியூபைக் கிள்ளிவிடும், உள்ளங்கையால்தான் உருட்டித் தள்ள வேண்டும். டயரே கிழிந்திருந்தால், காலியான பற்பசைக் குழாயில் வெட்டி வைத்த துண்டு ஒன்றை உள்ளே கொடுத்து மாட்டினால் வீடு வரை தாங்கும்.

பம்ப்புக்குப் பதில், வாயு அடைத்த சிஓ2 குப்பி வைத்திருப்பவர்கள் உண்டு, நொடியில் நிரம்பிவிடும். ஆனால் குப்பி தீர்ந்தால் தீர்ந்ததுதான். எனக்குக் கைப்பம்ப்பே நம்பிக்கை. கிளம்புமுன் வீட்டில் நிற்கும் பெரிய பம்ப்பில் அழுத்தமானி பார்த்து அடிப்பேன். என் எடை 58 கிலோ, 28 டயருக்கு முன்னால் 65, பின்னால் 70 பிஎஸ்ஐ. எடை கூடக் கூட இதுவும் கூடும், டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

பையில் இன்னும் இரண்டு. அலன் கீக்கள் மடங்கியிருக்கும் ஒரு மல்டி டூல்: 4, 5, 6 மில்லிமீட்டரும் செயின் கட்டரும் அதில் இருக்க வேண்டும். அப்புறம், அறுந்த செயினை இணைக்க, உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் ஒரு ஜோடி குவிக் லிங்க். 10 ஸ்பீடு செயினுக்கு 11 ஸ்பீடு லிங்க் சரிவராது.

விளக்கில் நான் மிகவும் கறார். டிசம்பரில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டுதான். முன்விளக்கு 400 லூமென். பின்விளக்கு இரண்டு, ஒன்று அணைந்தாலும் இன்னொன்று எரிய வேண்டும். சீட்டுப் பையோ தொங்கும் மழைச்சட்டையோ பின்விளக்கை மறைக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வண்டிகள் வருவதால் பகலிலும் முன்விளக்கைச் சிமிட்ட விடுகிறேன். அப்பா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 2001-இல் மூடும்வரை. கூண்டில் ஏறுமுன் தொப்பி விளக்கைக் கையால் மறைத்து, உள்ளங்கையில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவாராம். நானும் வாசற்படியில் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் மட்டுமே நுழைய வேண்டும். ஒருமுறை பலமாக அடி வாங்கினால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு அடியைத் தாங்குவதற்குச் செய்தது. கையுறை அவசியம். விழும்போது உள்ளங்கைதான் முதலில் தரையைத் தொடும்.

பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் அணிந்தால் உள்ளே வேறு உள்ளாடை வேண்டாம், தையல் உரசிப் புண்ணாகும். அப்படியே வெளியே போகக் கூச்சமாக இருந்தால் மேலே ஒரு லேசான டிராக் பேன்ட் போட்டு, வலது கால் விளிம்பை ரப்பர் பட்டையால் கட்டுங்கள். துப்பட்டா கூடவே கூடாது. கிளீட் ஷூ ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் இரண்டு பாட்டில், ஒவ்வொன்றும் 600 மில்லியாவது வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஓஆர்எஸ். 200 மில்லிக்கான சிறிய பொட்டலம் மூன்று போட்டால் 600 மில்லிக்குச் சரியாக இருக்கும். பொட்டலத்தில் போட்ட அளவைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்குக் கடலை மிட்டாய், இரண்டு ஏலக்கி வாழைப்பழம், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய நான்கு குட்டி இட்லி. பசி வந்த பிறகு சாப்பிட்டால் கால் ஏற்கெனவே சோர்ந்திருக்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது கொறியுங்கள். கோலாரில் ஒரு காபி. பங்காருப்பேட்டையில், தெளிந்த தண்ணீர் ஊற்றித் தரும் அந்த ஊர்ப் பானிபூரியை நான் திரும்பும் நாளில்தான் தொடுவேன்.

ஜெர்சியின் பின்பைகளில் மென்மையானவை மட்டும். பம்ப், டூல் எல்லாம் முதுகெலும்புக்கு நேராக இருந்தால் விழும்போது அதுவே காயப்படுத்தும். பம்ப்பைப் பாட்டில் கூட்டுக்குப் பக்கத்தில் பூட்டலாம். ஃபோனும் பணமும் ஜிப் கவரில், இல்லையென்றால் வியர்வை ஊறிவிடும். யுபிஐ இருந்தாலும் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் வேண்டும். பெயர், ரத்த வகை, வீட்டு எண் ஆகியவற்றைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்றும் அதில் இருக்கும். ஆபத்தென்றால் 112. பெண்களுக்குக் கூடுதலாக நாப்கின், பேப்பர் சோப், டிஷ்யூ. பெட்ரோல் பங்க் கழிப்பறைகளில் எவை சுத்தம் என்று வழி நெடுகக் குறித்து வைத்திருக்கிறேன், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை வீடு வந்ததும், குளிக்கப் போகுமுன் சீட்டுப் பையைத் திறப்பேன். செலவான டியூபுக்குப் பதில் புதியது, ஒட்டுத் துண்டு எண்ணிக்கை, விளக்குகள் சார்ஜில். பஞ்சரான டியூபை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்து, ஒட்டி, பவுடர் தூவி, இன்னொரு சாக்ஸுக்குள் போட்டு வைப்பேன்.